மருந்தடிக்காத தக்காளி

லிஃப்ட் மெக்கானிக்கை அந்தக் கட்டடமே மண்புழு என்றுதான் கூப்பிட்டது. முதலில் முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டார்கள். விஷயம் காதுக்கு வந்ததும் அவர், “மண்புழு மண்ணுக்காவது உபயோகம். நீங்க யாருக்கு?” என்று கேட்டார். அன்றிலிருந்து முகத்துக்கு நேராகவே கூப்பிட ஆரம்பித்தார்கள்.

மொட்டைமாடி அவருடைய ராஜ்யம். ஓட்டை பக்கெட், பெயிண்ட் டப்பா, யாரோ வீடு காலி செய்தபோது விட்டுப்போன குளியல் தொட்டி என்று மண் நிற்கக்கூடிய எதையும் அவர் விட்டுவைக்கவில்லை. தக்காளி, கீரை, பீட்ரூட், பூசணி எல்லாம் அதில் விளைந்தன. அங்கே மருந்துக்குக்கூட மருந்து கிடையாது. உரம் என்று அவர் ஒத்துக்கொண்டது இரண்டே சங்கதிகளை: ரொட்டிக்கடை விறகடுப்பின் சாம்பல், ஊறவைத்த வாழைப்பழத் தோல்.

வைத்தியமும் பார்ப்பார், கேட்காமலே. லிஃப்டில் அவரோடு மாட்டிக்கொண்டவர்கள் ஐந்து மாடி ஏறுவதற்குள் இருமலுக்கு இஞ்சி, மூட்டுவலிக்கு மஞ்சள், மலச்சிக்கலுக்கு இன்ன கீரை என்று கரைத்துக் குடித்துவிட்டுத்தான் வெளியே வருவார்கள். அவர் உள்ளே நின்றால் தும்மலை அடக்கிக்கொண்டு ஏறப் பழகியவர்களும் உண்டு. மூன்றாவது மாடி ஆடிட்டர் படிக்கட்டில் நடந்தே உடம்பு இளைத்தார். அதற்கும் மண்புழுதான் காரணம் என்றால் தப்பில்லை.

முணுமுணுக்காத ஒரே நோயாளி அவர் மனைவி. முணுமுணுக்காமல் இல்லை, முணுமுணுத்துக்கொண்டே குடித்துவிடுவாள். முப்பத்தோரு வருஷமாகக் காலையில் எழுந்ததும் ஒரு டம்ளர் பச்சைச் சாறு.

“நான் பொண்டாட்டியா, பசுமாடா? விடிஞ்சா புல்லக் காட்டுறீங்க.”

“பசுமாடு இவ்ளோ பேசாது. குடி.”

பள்ளிக்கூடத்தில் அவள் கிளார்க். தலைமையாசிரியர் போட்ட கூட்டலையே திருப்பி அனுப்பியவள். வீட்டில் மட்டும், தட்டில் இவர் எதை வைத்தாலும் என்ன ஏது என்று கேட்டதில்லை.

அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் போயின. பல வருஷமாக யாருக்கும் தெரியாமல் ஏறிக்கிடந்த ரத்தக்கொதிப்பு வேலை என்றார் டாக்டர். வாரத்துக்கு மூன்று நாள், நாலு நாலு மணி நேரம் ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். பள்ளிக்கு நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்தாள். அந்த விண்ணப்பத்திலும் ஒரு எழுத்துப்பிழை இல்லை.

“பொட்டாசியம் ஏறியிருக்கு. சாப்பாட்டுல கொறைக்கணும்” என்று டாக்டர் சொல்லி, உணவு ஆலோசகரிடம் அனுப்பினார். அவள் இவர்கள் மகளைவிடச் சின்னப் பெண். அச்சடித்த பட்டியலை நீட்டினாள். கீரை கூடாது, தக்காளி கூடாது, வாழைப்பழம் கூடாது, சாறு எதுவும் கூடாது. மற்ற காய்களைத் தோல் சீவி, பொடியாக நறுக்கி, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டி, திரும்ப நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அதையும் கொட்ட வேண்டும்.

“அப்புறம் காயில என்னம்மா இருக்கும்?”

“ஒண்ணும் இருக்கக் கூடாது. அதுக்குத்தான் ஐயா.”

மெக்கானிக் பட்டியலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். ஆனால் வீடு வருவதற்குள் அவருக்குள் இருந்த மெக்கானிக் விழித்துக்கொண்டான். லிஃப்ட் நின்றால் எந்த வயரில் பழுது என்று பார்த்து, அந்த வயரை மட்டும் வெட்ட வேண்டும். இருக்கிற வயரை எல்லாம் வெட்டுகிறவன் மெக்கானிக் இல்லை.

“பொட்டாசியம்னா என்ன? பொட்டாஷ். எங்கேருந்து வருது? உர மூட்டையிலேருந்து. மார்க்கெட் காய் பூரா அந்த மூட்டையத் தின்னு வளர்ந்தது. அந்தப் பொண்ணு சொன்னது அதுக்கு. நம்ம மாடியில அந்த மூட்டை ஏறியிருக்கா?”

“ஏறல” என்றாள் மனைவி.

“அப்ப?”

“நீங்க சொன்னா சரிதான்.”

அவளுடைய கூட்டல் சரிபார்க்கும் கண், அன்றைக்கும் தட்டுப் பக்கம் திரும்பவில்லை.

மறுநாளிலிருந்து மார்க்கெட் காய் வாசற்படி தாண்டவில்லை. எல்லாம் மாடியிலிருந்துதான். காலையில் கீரைச் சாறு, மதியம் பீட்ரூட், சாயங்காலம் தக்காளி சூப். வேகவைத்த தண்ணீரைக் கொட்டுவது பாவம் என்று அதையும் சூப்பிலேயே சேர்த்தார். அவள் நோயாளி ஆயிற்றே என்று செடிகளுக்குச் சாம்பலை இன்னும் ஒரு கை தாராளமாகப் போட்டார்.

ஊரின் மறுகோடியில் குடியிருந்த மகள் தினமும் போனில் கேட்டாள்.

“அப்பா, அந்த லிஸ்ட்டுல இருக்கிறபடிதானே?”

“லிஸ்ட்ட விட சுத்தம்மா.”

பத்து நாள் ஓடின. சனி, ஞாயிறு இரண்டு நாள் சிகிச்சை கிடையாது. திங்கட்கிழமை காலை மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். அவள் கட்டிலிலிருந்து எழுந்திருக்கப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“என்னங்க, இந்தக் கால் என்னோடது மாதிரி இல்ல. வேற யாரோடதோ மாதிரி கனக்குது.”

“பலவீனம். ரெண்டு நாளா நீ சரியா சாப்பிடல.”

தெம்புக்கு ஒரு கிண்ணம் தக்காளி சூப் சுடவைத்துக் கொண்டுவந்தார். ஊதி ஊதிக் கொடுத்தார். கடைசி ஸ்பூன் வரைக்கும் குடித்தாள். செருப்பு மாட்டக் குனிந்தவள் நிமிரவில்லை.

அவசரப் பிரிவில் நெஞ்சில் வயர் ஒட்டி, காகிதத்தில் ஓடிய கோட்டைப் பார்த்ததும் டாக்டரின் குரல் மாறியது. ஊசி, இன்னொரு ஊசி, மறுபடி ரத்தச் சுத்திகரிப்பு. நடுவில் ஒருமுறை இதயம் நின்று, நெஞ்சை அழுத்தித் திரும்ப ஓடவிட்டார்கள். மெக்கானிக் கதவுக்கு வெளியே நின்றார். நின்றுபோனதைத் திரும்ப ஓடவைப்பதுதான் அவர் தொழில். அன்றைக்கு அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மத்தியானம் டாக்டர் வெளியே வந்தார். “பொட்டாசியம் ஏழு புள்ளி நாலு. அஞ்சரையத் தாண்டினாலே இதயத்துக்கு ஆபத்து. என்ன சாப்பிட்டாங்க?”

“எல்லாம் சுத்தமானது டாக்டர். நம்ம தோட்டம். ஒரு சொட்டு மருந்து அடிச்சதில்ல” என்று ஆரம்பித்தார். பழக்கதோஷம், குரலில் பெருமை வந்துவிட்டது. கீரை என்றார். பீட்ரூட் என்றார். சூப் என்றபோது டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார்.

உணவு ஆலோசகப் பெண் வந்தாள். மகளும் வந்து நின்றாள். மெக்கானிக் உர மூட்டைக் கணக்கை, தான் போடும் சாம்பலையும் சேர்த்துச் சொன்னார். பாதியிலேயே அவருக்குக் குரல் இறங்கிப்போயிற்று.

“மூட்டையில மட்டும் இல்லைங்க ஐயா. செடி எதுல வளர்ந்தாலும் பொட்டாசியம் இல்லாம வளராது” என்றாள் அந்தப் பெண், திட்டாமல். “நல்லா வளர்ந்த செடியில நல்லாவே இருக்கும். சாம்பல் வேற போட்டிருக்கீங்க. அதுவே பொட்டாஷ்தான்.”

திட்டியிருந்தால் தேவலை.

மகளும் கத்தவில்லை. அவள் கத்துவாள் என்று நம்பி அவர் தலையைக் குனிந்து தயாராக வைத்திருந்தார்.

“அப்பா, அம்மா எங்கூட வரட்டும்” என்றாள். அவ்வளவுதான்.

கட்டடத்துக்கு விஷயம் தெரிந்தது. இப்போது லிஃப்டில் தைரியமாகத் தும்மினார்கள். அவர் பொத்தானையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒருநாள் ஆடிட்டர் மனசு கேட்காமல் அவரோடு லிஃப்டில் ஏறி, “மண்புழு, தொண்டை கரகரங்குது. என்னய்யா சாப்பிடலாம்?” என்று கேட்டார்.

“டாக்டரப் பாருங்க சார்” என்றார் மண்புழு.

ஆடிட்டர் மூன்றாவது மாடியில் இறங்க மறந்து ஐந்தாவது வரைக்கும் போனார்.

மெக்கானிக் உணவு ஆலோசகரிடம் போய் உட்கார்ந்தார். மூன்று மத்தியானம். ஊறவைப்பது எத்தனை மணி நேரம், தண்ணீர் எத்தனை பங்கு, எந்தக் காய் எத்தனை கிராம் என்று லிஃப்ட் பராமரிப்பு நோட்டில் எழுதிக்கொண்டார். வீட்டில் செய்து பார்த்தார். உருளைக்கிழங்கைச் சீவி, ஊறவைத்து, கொட்டி, வேகவைத்து, மறுபடி கொட்டினார். நனைந்த அட்டை மாதிரி இருந்தது. ஒரு வாரம் அதையே தானும் தின்றார்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டுக்குப் போனார். மனைவி ஜன்னலோர நாற்காலியில் இருந்தாள். கழுத்தெலும்பு தெரிந்தது.

“என்னங்க, இப்படி இளைச்சிட்டீங்க?”

“நீ மட்டும் என்னவாம்.”

மகளிடம் நோட்டை நீட்டினார். “இன்னிக்கு ஒரு நாள் நான் சமைக்கட்டுமா?”

மகள் நோட்டைப் பக்கம் பக்கமாகப் படித்தாள். அம்மாவின் பெண் ஆயிற்றே. “சரி. நான் பக்கத்துலயே நிப்பேன்” என்றாள்.

நின்றாள். அவர் நறுக்கியதை எடைத்தட்டில் வைத்துப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், அவள் தண்ணீரைக் கொட்டச் சொன்னபோது அவர் கொட்டினார். சோறும் கொஞ்சம் காயும். தட்டில் போட்டு மனைவிக்கு முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். முன்பு ஒரு சண்டையில் இரண்டு வருஷம் பேசாமல் இருந்தபோதுகூட, அவர் வைத்த தட்டை அவள் ஒதுக்கியதில்லை. இப்போதும் ஒதுக்கவில்லை. பிசைந்து, ஒரு வாய் எடுத்தாள்.

கை பாதி வழியில் நின்றது. மகளை நிமிர்ந்து பார்த்தாள்.

மகள் தலையாட்டினாள். அப்புறம்தான் மனைவி சாப்பிட்டாள்.

அவர் பார்த்துவிட்டார் என்பது அவளுக்கும் தெரிந்துவிட்டது.

“கோவமெல்லாம் இல்லைங்க” என்றாள் மெல்ல. “நீங்க வேணும்னு செய்வீங்களா? கை தானா நின்னுடுச்சு. பயந்து போச்சு போலிருக்கு.”

“நிக்கட்டும்” என்றார். “இனிமே யார் வச்சாலும் கேட்டுட்டே சாப்பிடு. நான் வச்சா ரெண்டு தடவை கேளு.”

அவள் சிரிக்கப் பார்த்தாள். சரியாக வரவில்லை. தட்டில் காய் தீர்ந்திருந்தது.

“இன்னும் கொஞ்சம் வேணும்” என்றாள்.

அவர் கரண்டியை எடுத்தார். சட்டியில் காய் இருந்தது. மகளைத் திரும்பிப் பார்த்தார்.

“இன்னொரு கரண்டி வைக்கலாமாம்மா?”

மகள் நோட்டைப் புரட்டிப் பார்த்தாள். “அரைக் கரண்டி” என்றாள்.

அவர் அரைக் கரண்டி வைத்தார்.