ஜன்னலைத் திறந்தால் தேவலை

ஒரு காலில் ஷூ ஏறியிருந்தது, இன்னொன்று கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது. சட்டைப் பொத்தானைப் பாதி போட்டபடி அவர் நாற்காலியில் உட்கார்ந்து போனில் மும்முரமாகத் தட்டிக்கொண்டிருந்தார். ஆலைக்குக் கிளம்ப வேண்டிய நேரம்தான். ஆனால் குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் யாராவது உளறிவைத்தால், அதற்குப் பதில் போடாமல் அவரால் ஒரு வாய் டீ குடிக்க முடியாது. குழுவில் அவருக்கு ‘சயின்ஸ் சார்’ என்று பெயர். கேலியாக வைத்ததுதான், நாளாவட்டத்தில் மரியாதையாக மாறிவிட்டது. எலுமிச்சை புற்றுநோயைக் கரைக்கிறது, காந்தப் படுக்கை சர்க்கரையைக் குறைக்கிறது என்று எது வந்தாலும், எல்லோரும் அவர் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவரும் சளைக்காமல் கேட்பார்: யார் சோதித்தது, ஆதாரம் எங்கே, இதைச் சொல்கிறவர் எதை விற்கிறார்? நல்ல கேள்விகள். அவற்றில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

அன்றைக்கு மாட்டிக்கொண்டது மேல்மாடித் தையல்காரம்மா. வயதான அப்பாவை வைத்துக்கொண்டு, நாள் முழுக்க வீட்டுக்குள்ளேயே மெஷினோடு கிடப்பவள். குழுவில் வாயே திறக்க மாட்டாள். அவள் ஒரு வீடியோவைப் போட்டு, கீழே எழுதியிருந்தாள்: “எல்லாருக்கும் வணக்கம். மொட்டை மாடில செல்போன் டவர் வெச்சதுல இருந்து எனக்கும் அப்பாவுக்கும் ஓயாத தலைவலி, குமட்டல். கடைக்குப் போனா சரியாயிடுது. வீட்டுக்கு வந்தா திரும்ப வலிக்குது. ஜன்னலைத் திறந்து வெச்சா தேவலை. இந்த வீடியோல சொல்ற அலையாலதான் இப்படியா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.”

வீடியோவில் ஒரு தாடிக்காரர், சிவப்பு எழுத்தில் ‘மறைக்கப்படும் உண்மை’ என்று போட்டுக்கொண்டு, டவர் அலை மூளையை வேகவைக்கிறது என்று அடித்துச் சொன்னார். கடைசியில், அலையைத் தடுக்க ஒரு செப்புக்கம்பிச் சுருளும் விற்றார். அப்புறம் என்ன, நம்மாளுக்குக் கை துறுதுறுத்தது. அந்தம்மா எழுதியதை ஒரு தடவை மேலோட்டமாகப் பார்த்தார், தாடிக்காரரை மூன்று தடவை பார்த்தார்.

எழுதினார். டவரிலிருந்து வரும் அலை எப்படிப்பட்டது, அதற்கு எவ்வளவு வலு, மூளையை வேகவைக்க ஏன் அதனால் ஆகாது என்று அழகாக விளக்கினார். எல்லாம் உண்மை. ‘டவர் வந்த பிறகு வலி வந்தது என்பதால் டவரால் வலி வந்தது என்று ஆகிவிடாது. டவர் வந்த மாதம்தான் எனக்கும் முடி கொட்ட ஆரம்பித்தது!’ என்று ஒரு சிரிப்பு வெடியையும் கொளுத்திப் போட்டார். பிறகுதான் அந்தக் கடைசி வரிகள் சரமாரியாக வந்தன. ‘அலை ஜன்னல் வழியாக வருகிறது என்றால், திறந்தால் வலி கூட வேண்டுமே தவிர எப்படிக் குறையும்? ஆக, இந்த வலி மனதில் இருக்கிறது. வீடியோவை மூடுங்கள், ஜன்னலையும் மூடுங்கள், நிம்மதியாகத் தூங்குங்கள்.’

மளமளவென்று கைதட்டும் படங்கள் வந்து விழுந்தன. “செம அடி சார்!” என்றார் குடியிருப்பின் செக்ரட்டரி. மேல்மாடி ஜன்னல் கம்பியில் செப்புக்கம்பி சுற்றியிருப்பதை யாரோ கீழே இருந்து படம் பிடித்துப் போட, “துணி காயப்போட வசதிதான்” என்று சயின்ஸ் சார் அதற்கும் ஒன்று சேர்த்தார். கொஞ்ச நேரத்தில் தையல்காரம்மா வீடியோவை அழித்துவிட்டாள். “சரிங்க சார். தெரியாம போட்டுட்டேன். மன்னிக்கணும்” என்று மட்டும் வந்தது.

“கிளம்பலையா இன்னும்?” என்று வந்த மனைவி, தோளுக்கு மேலாக எட்டிப் படித்துவிட்டுச் சொன்னாள். “ஏங்க, அவ தலை வலிக்குதுன்னு கேட்டா. நீங்க என்னடான்னா டவருக்கு வக்கீலா நிக்கறீங்க.”

“வலிக்கலைன்னுதான் சொல்றேன்.”

“ஓஹோ. அது உங்களுக்குத் தெரிஞ்சிருச்சாக்கும்” என்று அவள் தன் கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவருக்குச் சுருக்கென்று ஏதோ பட்டது. ஆனால் போன் மறுபடி மறுபடி கைதட்டிக்கொண்டிருந்ததால் அது நிலைக்கவில்லை.

அவருக்கு வேலை காகித ஆலையில், கொதிகலன் பிரிவில். சூப்பர்வைசர். சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மஞ்சள் மீட்டர் எப்போதும் தொங்கும். எரிகிற நெருப்புக்குப் போதுமான காற்றில்லாமல் போனாலோ, புகை வெளியேற வழியில்லாமல் போனாலோ ஒரு வாயு உண்டாகும். கார்பன் மோனாக்சைடு. நிறம் கிடையாது, வாசனை கிடையாது, ஆளைச் சத்தமில்லாமல் சாய்த்துவிடும். அந்த மீட்டர் அதை மோப்பம் பிடிக்கத்தான். புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் பாதுகாப்பு வகுப்பு எடுப்பவர் அவர்தான். “இங்க தலை வலிச்சா மாத்திரையைத் தேடாதே, கதவைத் தேடு” என்று பலகையில் அவர் கையாலேயே எழுதி மாட்டியிருந்தார்.

அடுத்த வாரம், மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில், கொதிகலனுக்குப் பின்னால் வேலை செய்த பெயிண்டர் தலையைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார். பெயிண்ட் வாடையாக இருக்கும் என்று யாரோ சொன்னார்கள். சார் அதைக் காதில் வாங்கவில்லை. இந்த இடத்தில் அவர் வேறு மனிதர். குந்தி உட்கார்ந்து, நிதானமாகக் கேட்டார்.

“எப்போ இருந்து வலிக்குது?”

“பின்பக்கம் போனதுல இருந்து சார்.”

“கூட இருந்தவருக்கு?”

“அவருக்கும்தான். குமட்டுதுங்கறாரு.”

“வெளிய வந்தா?”

“வெளிய வந்தா தேவலை சார்.”

அவர் உடனே எல்லோரையும் வெளியேற்றினார், விசிறிகளைப் போடச் சொன்னார், பெயிண்டர் இருவரையும் ஆலை மருத்துவரிடம் அனுப்பினார், மீட்டரை நீட்டியபடி பின்பக்கம் போய்ப் புகைக்குழாயின் இணைப்பு ஒன்று விட்டுப்போயிருந்ததைக் கண்டுபிடித்தார். எல்லாம் கச்சிதம். ‘கேட்கத் தெரிந்தவன் கேட்டால் அவர்களே சொல்லிவிடுவார்கள்’ என்று திருப்தியாகக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த வார்த்தை திரும்பி வந்தது. தேவலை. கடைக்குப் போனால் சரியாகிவிடுகிறது. எனக்கும் அப்பாவுக்கும். ஜன்னலைத் திறந்து வைத்தால் தேவலை.

அந்தப் பழைய குடியிருப்பில் ஒவ்வொரு வீட்டுக் குளியலறையிலும் முதலில் கேஸ் ஹீட்டர்தான் இருந்தது. மற்றவர்கள் கரண்ட் ஹீட்டருக்கு மாறிவிட்டார்கள். தையல்காரம்மா மாறவில்லை. அப்பாவின் மரத்துப்போன கால்களுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்க அவள் வீட்டில் அது பகலெல்லாம் எரியும். அவர் மனைவி தைக்கக் கொடுக்கப் போனபோது பார்த்துவிட்டு வந்து சொன்னதுதான். எல்லாம் தெரிந்திருந்தது. அட, எல்லாமே தெரிந்துதானே இருந்தது!

தையல்காரம்மாவுக்குப் போன் போட்டார், அவள் எடுக்கவில்லை. மனைவி வேலைக்குப் போயிருப்பாள். செக்ரட்டரியைக் கூப்பிட்டார்.

“மேல் மாடிக்கு ஓடுங்க. ஹீட்டரை அணைச்சிட்டு, ஜன்னல் கதவெல்லாம் திறந்து, ரெண்டு பேரையும் வெளிய கொண்டு வாங்க. உடனே!”

மறுமுனையில் செக்ரட்டரி விழுந்து விழுந்து சிரித்தார். “என்ன சார், நீங்களே டவர் கதையை நம்ப ஆரம்பிச்சிட்டீங்களா? செப்புக்கம்பியும் எடுத்துட்டுப் போகவா?”

“யோவ், விளையாடலை. அங்க விஷவாயு. ஆள் செத்துருவாங்க. ஓடுய்யா!”

அவர் ஒருநாளும் யாரையும் ‘யோவ்’ என்றதில்லை. செக்ரட்டரி ஓடினார்.

மழையில் நனைந்துகொண்டே பைக்கில் வந்து சேர்ந்தபோது, மாடிப்படித் திருப்பத்தில் தையல்காரம்மா சுவரோடு சாய்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். பெரியவரை நாற்காலியோடு தூக்கி ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தலை ஒரு பக்கமாகத் தொங்கியது, கண் பாதி திறந்திருந்தது. சார் மீட்டரோடு வீட்டுக்குள் போனார். ஜன்னல்களை அப்போதுதான் திறந்திருந்தார்கள், அப்படியும் குளியலறையை நெருங்கியதும் மீட்டர் வீல் என்று கத்தியது. தையல் மெஷின் மேல் செப்புக்கம்பி ஒழுங்காகச் சுருட்டி, நூல் போட்டுக் கட்டி வைக்கப்பட்டிருந்தது. அதைப் பார்த்ததும் அவரால் அங்கே நிற்க முடியவில்லை.

மொட்டை மாடிக்கு ஏறினார். ஹீட்டர் புகை மேலே வந்து வெளியேறும் குழாயைத் தேடினார். குழாய் வாய் கண்ணில் படவே இல்லை. அந்த இடத்தில் ஒரு சிமென்ட் பலகை, அதன்மேல் டவருக்கான பேட்டரிப் பெட்டி. டவர் நட்டவர்கள் பெட்டியை வைக்கச் சமமான இடம் தேடி, புகைவாயை அப்படியே மூடிவிட்டிருந்தார்கள். டவர் வைத்ததிலிருந்துதான் என்று அவள் எழுதியிருந்தாளே. மழை முகத்தில் அடிக்க, அவர் அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். டவரால்தான் வந்திருக்கிறது. அலையால் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அந்த வித்தியாசத்தில்தான் அவர் அவ்வளவு கைதட்டலும் வாங்கியிருந்தார்.

அன்று மாலை குழு அமர்க்களப்பட்டது. “சயின்ஸ் சார் இல்லைன்னா இன்னிக்கு ரெண்டு உயிர் போயிருக்கும்” என்று செக்ரட்டரி எழுதினார். கும்பிடும் கைகளும் பூங்கொத்துகளும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. கொஞ்சம் மேலே தள்ளினால் போதும், ஜன்னலையும் மூடுங்கள் என்ற அவருடைய பதிவு, அதற்கான கைதட்டல்களோடு அப்படியே இருந்தது. அழிக்கப் பார்த்தார். அனைவருக்கும் அழிக்கும் கெடு தாண்டிவிட்டது. இருக்கிறவர்களில் ஒருவருக்காவது அது ஞாபகம் வரக் கூடாதா, நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்குகிற மாதிரிக் கேட்கக் கூடாதா என்று இருந்தது. யாரும் கேட்கவில்லை. மனைவி மட்டும் தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு, “சாப்பிடுங்க” என்றாள். வக்கீல் பேச்சை அவள் எடுக்கவே இல்லை. எடுத்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் மருத்துவமனைக்குப் போனார். ஏசி வார்டு. பெரியவர் மூக்கில் குழாயோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் மூளை அடி வாங்கியிருக்கிறது, எவ்வளவு திரும்பும் என்று போகப் போகத்தான் தெரியும் என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். தையல்காரம்மா கையைப் பிடித்துக்கொள்ளாத குறையாக வரவேற்றாள். அவள் முகம் இன்னும் வெளிறியே இருந்தது.

“உக்காருங்க சார். நீங்க எங்களுக்குச் செஞ்சதை மறக்கவே மாட்டேன்.”

“அதெல்லாம் சொல்லாதீங்கம்மா.”

“ஜன்னலைத் திறம்மா” என்றார் பெரியவர்.

“காலைல இருந்து இதே பேச்சுதான் சார். வேற வார்த்தையே வரலை.” அவள் அப்பாவின் போர்வையை இழுத்துவிட்டாள். “வீட்லயும் இப்படித்தான். நீங்க குரூப்ல எழுதினீங்கல்ல, அதுக்கப்புறம் எல்லா ஜன்னலையும் மூடிட்டேன். எனக்கே வெக்கமாப் போச்சு, ஊரே சிரிக்கற மாதிரிப் பண்ணிட்டோமேன்னு. அப்பா மட்டும் திற திறன்னு அனத்திட்டே இருந்தாரு. நான்தான் அதட்டினேன். படிச்சவங்க சொல்லியிருக்காங்க, எல்லாம் உங்க மனசு, சும்மா படுங்கன்னு. கடைசி ரெண்டு நாள் கேக்கறதையும் விட்டுட்டாரு. சரி, புரிஞ்சிக்கிட்டாருன்னு நினைச்சேன்.”

அவள் குற்றம் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள். ஆலையில் முன்பின் தெரியாத ஒரு பெயிண்டருக்காகக் குந்தி உட்கார்ந்தவன், மேல்மாடிக்கு ஏறிப்போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. வலி எப்போ வருதும்மா என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? சே.

“சார், ஒண்ணு கேக்கவா? சிரிக்கக் கூடாது.”

“கேளுங்கம்மா.”

“ஜன்னலைத் திறந்தப்ப தேவலைன்னு இருந்துச்சே, அது நிஜம்தானா? இல்ல, அதுவும் மனசா?”

“நிஜம்மா. நீங்க பார்த்தது அத்தனையும் நிஜம். டவர் வந்தப்புறம்னு சொன்னதும் சரி, வெளிய போனா சரியாகுதுன்னதும் சரி. எனக்கு அந்த வாயு நல்லாவே தெரியும். அதுதான் என் பொழைப்பே. அந்த வீடியோக்காரனைத் திட்டற ஜோர்ல, நீங்க எழுதினதை நான் படிக்கவே இல்லை. மூடச் சொன்னது நான்தான்மா. உங்க மேல தப்பே இல்லை.”

அவள் அவரையே பார்த்தாள். மெல்ல மெல்ல அவள் முகத்திலிருந்து அந்த மரியாதை இறங்குவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

“ஜன்னலைத் திறம்மா” என்றார் பெரியவர்.

“திறக்கறேன்ப்பா” என்று அவள் எழுந்தாள். “இதோ, திறக்கறேன்.”

ஜன்னல் முழுக்க ஒரே கண்ணாடி, சுற்றிலும் அலுமினியச் சட்டம். அவள் சட்டத்தின் ஓரமாக இரண்டு உள்ளங்கைகளையும் வைத்துத் தடவிக்கொண்டே போனாள். தள்ளிப் பார்த்தாள், இழுத்துப் பார்த்தாள். அவரும் எழுந்து போய், அவளுக்கு எதிர்ப்பக்கம் நின்று, மேலிருந்து கீழாக விரலை ஓட்டி, எங்காவது ஒரு தாழ்ப்பாள் தட்டுப்படுகிறதா என்று தேட ஆரம்பித்தார்.