ஷவ்கியின் இதயம் தவறவிட்டவை

இதில் எது நான் கண்டது, எது ஷவ்கி கண்டது என்று இப்போது என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. எங்கள் தெருவில் எல்லாருக்கும் இந்தச் சிக்கல் உண்டு. தமியாத் நகரில் கதவுக் கைப்பிடிகள் விற்றுவந்த ஷவ்கியின் இதயம் ஒரு துடிப்பைத் தவறவிடும்போதெல்லாம், அவருடைய ஞாபகம் ஒன்று கழன்று, பக்கத்தில் நிற்பவர் தலைக்குள் போய்விடும். "இதயம் தள்ளுற ரத்தம் தலைக்குப் பத்தல," என்ற மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். பிறகு அந்த மருத்துவரே, ஷவ்கி கடை திறந்த முதல் நாளைத் தன் ஞாபகமாகச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போனார். டீக்கடை பயூமிக்கு ஷவ்கியின் தேனிலவு வந்து சேர்ந்தது. ஷவ்கியின் மனைவி இன்ஷிராஹ் அவனோடு சண்டைக்குப் போனாள்.

"என் தேனிலவு உனக்கெதுக்குடா?"

"நானா கேட்டேன் அக்கா? டீ குடிக்க வந்தவர் விட்டுட்டுப் போயிட்டாரு. அன்னிக்கு நீங்க மீன் பொரிச்சு அது கருகி..."

"வாயை மூடு."

போன ஞாபகத்தை யாராவது திரும்பச் சொன்னால், ஷவ்கி ஊர் வம்பு கேட்பதுபோல் கேட்டுக்கொள்வார், அவ்வளவுதான். மகள் இப்திஹாலின் கல்யாணம் நெருங்கியபோதுதான் தெரு கவலைப்பட்டது. தகப்பன் பெண்ணின் பேரைச் சொல்லி அவளை மாப்பிள்ளைக்குக் கொடுக்கவேண்டும். அவருக்குப் பதிலாகச் சொல்லச் சித்தப்பா தயாராக இருந்தார். அவள் மறுத்துவிட்டாள்: "அப்பா வாயால என் பேரு வரணும். வராட்டி கல்யாணமே வேணாம்." ஆகவே இன்ஷிராஹ் கணவரை ஒரு மாதம் தனியறையில் வைத்தாள், சாப்பாட்டைக் கதவருகே வைத்துவிட்டு ஓடிவிடுவாள். போய்ச்சேர வேறு தலை இல்லாததால் ஞாபகங்கள் உள்ளேயே முட்டி மோதின. அவர் சுவருக்குச் சுவர் நடந்தார், உட்காரவே இல்லை. அந்த மாதம் தெருவில் அவர் ஞாபகங்களைச் சுமந்த எங்களாலும் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

கல்யாணத்தன்று பதிவாளர் ஷவ்கியின் கையையும் மாப்பிள்ளை வக்தியின் கையையும் சேர்த்து வெள்ளைக் கைக்குட்டையால் மூடினார். ஷவ்கி கைக்குட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். சித்தப்பா தொண்டையைக் கனைத்தார். அப்புறம் ஷவ்கி, "என் மகள் இப்திஹாலை உனக்குத் தர்றேன்," என்று தெளிவாகச் சொன்னார். சொன்ன கையோடு இதயம் அடுத்தடுத்துத் தடுக்கியது. வக்தி விம்மினான். "சின்னப் பொண்ணா படகுல செருப்பைத் தொலைச்சுட்டு என் தோள்லயே தூங்கிட்டாளே," என்றான். ஷவ்கி மணப்பெண்ணைப் பார்த்து, "யாரு இந்தப் பொண்ணு? லட்சணமா இருக்காளே," என்றார். இப்திஹால் அவர் கையை முத்தமிட்டாள். வக்தி அழுதுகொண்டே சம்மதம் சொன்னான். பெண்கள் குலவையிட்டார்கள்.

ஷவ்கி அதன்பின் சில வருஷங்கள் நிம்மதியாகத் தூங்கி, ஒரு நோன்பு மாதத்தில் இறந்தார். இன்ஷிராஹ் கடையை விற்றுவிட்டு மன்சூரா நகரில் தங்கையோடு இருக்கிறாள். பயூமி காலமாகிவிட்டான். இப்திஹாலுக்கும் வக்திக்கும் இரண்டு பையன்கள். சின்ன வயதில் தான் எப்படி இருந்தோம் என்று தெரியவேண்டும்போது அவள் கணவனைக் கேட்கிறாள். அவன் சொல்கிறான்.