ஆனந்தன் இருந்த பதவி

காரில் ஏசி ஓடிக்கொண்டிருந்தும் ஆனந்தனின் சட்டைக் காலர் வியர்வையில் நனைந்திருந்தது. ஒரு கம்பெனியை வாங்க வந்தவர்களோடு போனில் விலை பேசிக்கொண்டே இடது தோளைத் தேய்த்தார்.

பக்கத்தில் கயல்விழி உட்கார்ந்திருந்தாள். கம்பெனிகளை விற்கவும் வாங்கவும் பேசி முடித்துத் தருகிற சென்னை முதலீட்டு வங்கி ஒன்றில் இருவருக்கும் வேலை. அவர் மேனேஜிங் டைரக்டர். அந்தப் பதவிக்கு இன்னும் ஒருவரை எடுக்கப்போகிறார்கள். ஆனந்தன் வாய் திறந்து அவள் பெயரைச் சொன்னால்தான் அவளுக்கு அது கிடைக்கும். நகரிப் பக்கம் ஒரு தொழிற்சாலையைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

திருத்தணி மலை தெரிந்தபோது டிரைவர் துரைக்கண்ணு கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தார். அவருக்கு ஊர் பக்கத்திலிருக்கும் கே.ஜி.கண்டிகை.

“மேடம், சாரு மூஞ்சே சரியில்லீங்க. ஆஸ்பத்திரி கிட்டதான் கீது. இட்டுகினு போவட்டுங்களா?”

ஆனந்தன் போனைக் கையால் மூடிக்கொண்டு, “வெறும் வாயுதான். இப்ப விட்டா எல்லாம் போயிடும்,” என்றார். உதடு வெளுத்திருந்தது.

இவர் செத்துப்போவாரோ என்று கயல்விழி பயந்தாள். அதைவிட, இவர் பேச்சை மீறினால் தன் பதவி என்னாகும் என்ற பயம் பெரிதாக இருந்தது. அது புரிந்ததும் தன்னை நினைத்தே அவளுக்குப் பயமாகிவிட்டது. எட்டிப் போனைப் பிடுங்கி, பேச்சைத் துண்டித்தாள்.

“ஆஸ்பத்திரிக்கு விடுங்கண்ணா.”

“உன் பேரை நான் சொல்லமாட்டேன்,” என்றார் ஆனந்தன். அதற்குமேல் பேச முடியாமல் கதவோரம் சாய்ந்தார்.

ஆஸ்பத்திரியில் மாரடைப்பு என்றார்கள். ஊசி போட்டு, சென்னைக்கு அனுப்ப ஆம்புலன்ஸுக்குச் சொன்னார்கள். வராந்தாவில் அவள் கையிலிருந்த அவர் போன் மறுபடி அடித்தது. கம்பெனியை வாங்க வந்தவர்கள்தான்.

“உங்க பக்கம் இப்ப யார் பேசறது?”

“நான்தான். சாருக்கு மாரடைப்பு. இன்னிக்கு எதுவும் பேச முடியாது.”

மறுநாளே அவர்கள் பேரத்திலிருந்து விலகிக்கொண்டார்கள்.

ஆனந்தன் பிழைத்தார், ஆனால் வேலைக்குத் திரும்பவில்லை. படுக்கையிலிருந்தபடி அந்தப் பதவிக்கு அவர் சொன்னது அவள் பெயரைத்தான் என்று பிறகு தெரிந்தது.

மேனேஜிங் டைரக்டரான முதல் வாரம் கயல்விழிக்குச் சோறு இறங்கவில்லை. யார் கதவைத் தட்டினாலும் நெஞ்சு அடித்துக்கொண்டது. டாக்டர் இதயத்தைப் பரிசோதித்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். அவள் நம்பவில்லை.

ஒரு மதியம் ஆனந்தன் போனில் கூப்பிட்டார்.

“பயமா இருக்கா, கயல்?”

“இருக்கு சார்.”

“எனக்கும் இருந்துச்சு. வீட்டுல கூடச் சொன்னதில்ல.”

“நீங்க எப்படி சார் சமாளிச்சீங்க?”

“எங்க சமாளிச்சேன்? நீதான் பார்த்தியே.”

கயல்விழி எழுந்து அறைக் கதவைச் சாத்தினாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தனக்கு என்னென்ன பயம் என்று அவரிடம் ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினாள்.