கொடிமலையும் சித்தன்னவாசலும்

வாசலில் வாடகைக் கார் வந்து நின்றபோது சந்தனமேரி விதைக்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு மேலே ஏற்றிவிட்டபடி இறங்கிய பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கும்.

"லியோன் அங்கிள் வீடுதானே? நான் தேவிப்ரியா. பினாங்குல இருந்து வர்றேன். அங்கிள் எங்கப்பாவோட டூரிஸ்ட் வேன்லதான் வேலை பாத்தாங்க."

சந்தனமேரி மடியிலிருந்த தொலியை உதறிக்கொண்டு எழுந்தாள். லியோன் காலமாகி இரண்டு வருடமாகிறது. சேதி போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது போல. வந்தவள் துக்கம் விசாரித்தாள், காப்பி குடித்தாள், சுவரிலிருந்த படத்தையே வெகுநேரம் பார்த்தாள்.

பினாங்கை சந்தனமேரி பார்த்ததில்லை. ஆனால் அந்த ஊரைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவாள். அந்தக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஆவூர் கடைத்தெருவில் இருந்த போன் கடையில் போய் நிற்பாள். லியோன் கூப்பிடுவார். கடைக்காரரும் வரிசையில் நிற்பவர்களும் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது புருஷனிடம் என்னத்தைப் பேசிவிட முடியும்? அவள் "ம்" மட்டும் கொட்டுவாள். அவரும் வேறு வழியில்லாமல் அந்த வாரம் வெளியூர்க்காரர்களுக்குச் சுற்றிக் காட்டிய இடங்களைச் சொல்லுவார். கொடிமலைக்கு ரயில் ஏறுகிறது, பாதி மலையில் இறங்கி வேறு ரயிலுக்கு மாற வேண்டும், உச்சியில் குளிரும், கீழே கடலும் பாலமும் தெரியும். காட்டுப் பூங்காவுக்குள் நடந்தால் ஆமை முட்டையிடும் கரை வரும். இப்படி வருடக்கணக்கில் கேட்டுக் கேட்டு அந்த ஊர் அவளுக்குள் குடியேறிவிட்டது. கூடவே ஒரு ஆங்காரமும். யார் யாருக்கோ மலையும் கடலும் காட்டின மனுஷன், கட்டின பெண்டாட்டியைப் பக்கத்திலிருக்கும் சித்தன்னவாசலுக்குக்கூடக் கூட்டிப்போனதில்லை.

அந்தப் பெயரைத்தான் தேவிப்ரியா சொன்னாள். "நாளைக்கு ஃபிளைட் ஆன்டி. அதுக்குள்ள சித்தன்னவாசல் பாத்துடணும். நீங்களும் வாங்க."

"அங்க என்னத்தா இருக்கு? வெறும் பாறை."

"அங்கிள் அப்படிச் சொல்ல மாட்டாங்களே! ஸ்கூல் லீவுல நானும் வேன்ல போவேன். கொடிமலை மேல எல்லாரும் ஆன்னு கடலைப் பாத்துக்கிட்டு இருப்பாங்க. அங்கிள் மட்டும், எங்க ஊர்லயும் ஒரு மலை இருக்குன்னு ஆரம்பிச்சிடுவாங்க."

கார் அன்னவாசல் சாலையில் போனது. மழை பெய்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. இருபுறமும் காடு பசேலென்று இருந்தது. ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சந்தனமேரி கேட்டாள்: "கொடிமலையில பாதியில எறங்கி ரயில் மாறணுமாமே, இன்னமும் அப்படித்தானா?"

"அந்த ரயில எப்பவோ எடுத்துட்டாங்க ஆன்டி. இப்ப நேரா உச்சிக்கே போயிடும்."

சந்தனமேரிக்குச் சுருக்கென்றது. தன்னிடம் சொல்லாமல் வீட்டில் எதையோ மாற்றி வைத்துவிட்டதுபோல இருந்தது.

"ஆன்டி, உங்க கதை எனக்கு மனப்பாடம்," என்று தேவிப்ரியா சிரித்தாள். "கல்யாணமான புதுசுல சைக்கிள்ல வச்சுக் கூட்டிட்டுப் போனாங்களாமே. பாதிப் படியில நீங்க பயந்து உக்காந்துட்டீங்களாம். கையப் பிடிச்சு மேல ஏத்திவிட்டாங்களாம். அத மட்டும் எத்தன தடவ சொன்னாலும் அங்கிளுக்கு அலுக்காது."

சந்தனமேரி திரும்பிப் பார்த்தாள். கிளம்பியது நிஜம். கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு, சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து, தெருமுக்குவரைக்கும் போனது நிஜம். அன்று பார்த்து ஏஜென்ட் ஆள் எதிரே வந்தான். விசா வந்துவிட்டது, உடனே மெட்ராஸுக்கு வா என்றான். சைக்கிள் திரும்பியது. அவள் புடவையை மடித்து வைத்தாள். அதோடு சரி. லீவில் வந்தபோதெல்லாம் அவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை.

மறந்துவிட்டார் என்றல்லவா இத்தனை காலம் நினைத்திருந்தாள்.

"நெசமாவே பயந்துட்டீங்களா ஆன்டி?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த மலையும் சைக்கிளும் பிடித்த கையும் ஒன்றுமில்லாமல் போய்விடும்.

"ஆமாத்தா," என்றாள். "எனக்கு ஒசரம்னா ஆகாது. அவுகதான் விடல."

மலையைக் குடைந்த அறிவர் கோயிலுக்குப் படியேறும்போது வெயிலில் பாறை சுட்டது. முழங்கால் விண்ணென்று தெறித்தது. தேவிப்ரியா நீட்டிய கையை வேண்டாமென்று ஒதுக்கிவிட்டு, கம்பியைப் பிடித்து நின்று நின்று ஏறினாள். காவலர் கதவைத் திறந்துவிட்டு, கைவிளக்கை மேலே அடித்தார்.

கூரையில் ஓவியமாக ஒரு குளம் இருந்தது. தாமரை இலைகளுக்கு நடுவே மீன், அதற்கு அங்கிட்டு ஒரு வாத்து, இடுப்பளவுத் தண்ணீரில் பூப்பறிக்கும் ஆள். பல இடங்களில் சாயம் போய் வெறும் கல் தெரிந்தது.

"அப்ப பாத்த மாதிரியே இருக்கா ஆன்டி?"

சந்தனமேரி அண்ணாந்தபடியே நின்றாள். கழுத்து வலித்தது. வெளிச்சம் விலகப்போவது தெரிந்ததும் காவலரிடம் மெதுவாகச் சொன்னாள்:

"அண்ணே, அந்த மூலையில கொஞ்சம் அடிங்க. அங்கிட்டு நான் பாக்கல."

விளக்கு நகர்ந்தது. இருட்டுக்குள்ளிருந்து ஒரு மொட்டு, அதன் நீண்ட தண்டு, அதைப் பற்றியிருந்த விரல்கள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தன.