நார்ப் பாயும் நேபாளத்தின் வெளியுறவும்

உலகத்தில் சிறிய நாடு என்று ஒன்று கிடையவே கிடையாது. கூச்சப்படுகிற நாடுகள்தான் உண்டு. இந்த உண்மையை 1955ஆம் வருஷம் ஆகஸ்ட் மாதம் எங்கள் கல்லூரி கேன்டீனில் வைத்துக் கண்டுபிடித்தவன் ஜோகுபாளையம் ஆராவமுதன். கண்டுபிடித்தபோது அவன் கையில் பாதி மசால்வடை இருந்தது.

எங்கள் அரசியல் சங்கம் ஆசிய நாடுகளின் மாதிரி மாநாடு ஒன்றை நடத்த ஏற்பாடு செய்திருந்தது. ஆளுக்கொரு நாடு. சீட்டுக் குலுக்கியதில் ஆராவமுதனுக்கு நேபாளம் விழுந்தது, காக்ஸ் டவுன் பெர்னார்டுக்கு இலங்கை, எனக்குப் பூட்டான். பிரேசர் டவுன் தியோடருக்கு இந்தியா. அவன் சீட்டெடுத்ததை யாரும் பார்க்கவில்லை. ஆனால் அவன்தான் இந்தியா என்பதில் யாருக்கும் சந்தேகமும் வரவில்லை.

காரணம், பாய்.

எங்கள் பக்கத்து மைதானங்களில் மழை பெய்தால் சேறு, பெய்யாவிட்டால் கல். கிரிக்கெட் ஆட வேண்டுமென்றால் தேங்காய் நார்ப் பாயை விரித்து, ஓரமெல்லாம் ஆணியடித்து, அதன்மேல்தான் ஆட வேண்டும். போன வருஷம் வரை ஒவ்வொரு பேட்டையிலும் ஒரு கந்தல் பாய் இருந்தது. தியோடரின் அணி புதுப்பாய் வாங்கியதும் மற்ற பாய்களெல்லாம் ஒரே வாரத்தில் கிழடாகிப் போயின.

தியோடர் தங்கமான பையன். கேட்டவர்களுக்கெல்லாம் பாயைக் கொடுப்பான். வாடகை கிடையாது. ஒரு வழக்கம் மட்டும் உண்டு: பாய் தனியாகப் போகாது, கூடவே ஓர் அம்பயரும் போவார். அம்பயர், தியோடரின் சித்தப்பா அப்பாதுரை. ரிடையரான ரயில்வே கார்டு. கொடி காட்டிப் பழகிய கை. அவுட் கொடுப்பதில் தயக்கமே இருக்காது.

டாஸ்கர் டவுன் அணிக்கும் தியோடருக்கும் ஒரு ரன் அவுட்டில் தகராறு. அவர்களோடு ஆடாதீர்கள் என்று தியோடர் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் அவர்கள் மேட்சுக்குக் கூப்பிட்டபோது காக்ஸ் டவுனில் எல்லா ஞாயிற்றுக்கிழமையும் கல்யாணமாக இருந்தது. அல்சூர் காப்டனுக்கு முட்டி வலி வந்தது.

"முட்டி வலியாம்!" என்று கேன்டீனில் ஆராவமுதன் சிரித்தான். "அது முட்டியில வர்ற வலி இல்லடா, முதுகெலும்புல வர்றது. ஏண்டா பெர்னார்ட், ஒத்திகையில நீ ஓட்டுப் போடறச்சே எதுக்குடா தியோடர் பென்சிலையே பாக்கறே? இலங்கைக்குத் தலைநகரம் கொழும்பா, பிரேசர் டவுனா?"

பெர்னார்ட் பார்ப்பது உண்மை. தியோடரின் பென்சில் காதில் இருந்தால் ஆதரவு, மேஜைமேல் படுத்திருந்தால் எதிர்ப்பு.

"அடுத்த மாசம் எங்களுக்கு மேட்ச் இருக்கு மேன்," என்றான் பெர்னார்ட்.

"ஒரு பாய்க்காகக் கொள்கையை விக்கறியா?"

"கொள்கை மேல பந்து எழும்புமா மேன்? பாய் மேலதான் எழும்பும்."

ஆராவமுதன் அன்று சாயங்காலமே சைக்கிளில் டாஸ்கர் டவுன் போய், அந்த மாதக் கடைசியில் மேட்சுக்கு வரும்படி அழைத்துவிட்டு வந்தான். மாநாட்டுக்கும் ஒரு தீர்மானம் தயார் செய்தான்: நேபாளம் யாரையும் கேட்காமல் எந்த நாட்டோடும் உறவு வைத்துக்கொள்ளும்.

இரண்டையும் கேட்ட தியோடர், "நல்லது மேன்," என்றான். அவ்வளவுதான்.

இதற்கு நடுவில் ஒரு சிக்கல். மாநாடு சனிக்கிழமை. மறுநாள் ஜோகுபாளையத்துக்கும் அத்திபெலேக்கும் மேட்ச். யூனிவர்சிட்டி அணிக்கு ஆள் எடுக்கும் வெங்கடகிருஷ்ணன் சார், ஆராவமுதனின் லெக் பிரேக் சுழல்பந்தைப் பார்க்கவென்றே வருவதாகச் சொல்லியிருந்தார். இரண்டு வருஷமாக ஆராவமுதன் காத்திருந்த நாள். அந்த லெக் பிரேக் பாய்மேல் விழுந்தால் பாம்பு மாதிரி நெளியும். வெறுந்தரையில் விழுந்தால் தபால்காரர் மாதிரி நேராகப் போய் பேட்டில் சேரும்.

வியாழக்கிழமை அவனோடு நானும் பிரேசர் டவுன் போனேன். தியோடர் வீட்டுக் காம்பவுண்டு சுவரில் பாய் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஞாயித்துக்கிழமை பாய் வேணும், தியோ."

"உனக்கு இல்லாததா? ஆனா நனைஞ்சு கெடக்கு மேன். காயணும்."

வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. ஆராவமுதன் பாயைத் தொட்டுப் பார்த்தான். நானும் தொட்டேன். அப்பளம் பொரிக்கலாம்.

"எப்போ காயும்?"

"சனிக்கிழமை சாயங்காலம் பாத்துட்டுச் சொல்றேன்."

"டாஸ்கர் டவுன்காரனோட மேட்ச் வச்சிருக்கியாமே தம்பி?" என்றார் அப்பாதுரை, பாயைத் தட்டிக்கொண்டே.

"சித்தப்பா, சும்மா இருங்க. அவங்கவங்க இஷ்டம்," என்று தியோடர் கண்டித்தான். பிறகு எங்களுக்கு லெமன் ஜூஸ் கொடுத்தான்.

திரும்பும்போது அல்சூர் ஏரி வரை ஆராவமுதன் சைக்கிளை விரட்டி மிதித்தான். ஏரியைத் தாண்டியதும், "நாளன்னிக்குப் பாரு. இமயமலையே எழுந்து நின்னு பேசப் போறது," என்றான்.

பேசத்தான் செய்தது. சனிக்கிழமை மத்தியானம் ஹால் அதிர்ந்தது. நேபாளம் யாருக்கும் தம்பியல்ல என்றான், கைதட்டல். தன் வீட்டு வாசலில் யார் கோலம் போடுவது என்பதை அடுத்த வீட்டுக்காரன் தீர்மானிக்க முடியாது என்றான். பெண்கள் பக்கமிருந்தும் கைதட்டல். தலைமை வகித்த புரொபசர் அனந்தபத்மநாபன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

ஓட்டெடுப்பு தொடங்கியது. தியோடரின் பென்சில் மேஜைமேல் படுத்திருந்தது. இந்தியா எதிர்ப்பு. இலங்கை எதிர்ப்பு. பூட்டானும் (நான்தான்) இந்தியாவின் பழைய நட்பை மதித்து எதிர்த்தது.

"நேபாளம்?" என்றார் புரொபசர், சம்பிரதாயத்துக்காக.

ஆராவமுதன் எழுந்தான். தண்ணீர் குடித்தான். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த வெங்கடகிருஷ்ணன் சாரைப் பார்த்தான். அப்புறம், தரையில் எதையோ தவறவிட்டவன் மாதிரி மெல்லக் குனிந்து, மேஜைமேல் இருந்த பென்சிலைப் பார்த்தான்.

"நேபாளம்... இந்த விஷயத்தை இன்னும் ஆலோசிக்க விரும்புகிறது."

"தீர்மானமே உங்களுடையதாயிற்றே?"

"அதனால்தான் சார் நிதானம் வேண்டியிருக்கிறது."

அன்று சாயங்காலமே பாய் காய்ந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஜோகுபாளையத்து மைதானத்தில் லெக் பிரேக் பாம்பாக நெளிந்தது. நெளியாத பந்துகளுக்கு அப்பாதுரையின் விரல் உயர்ந்தது. அத்திபெலேக்காரர்கள் கன்னடத்திலும் தமிழிலும் மாறி மாறி முறையிட்டார்கள். வெங்கடகிருஷ்ணன் சார் ஆராவமுதனின் தோளைத் தட்டி, திங்கட்கிழமை பயிற்சிக்கு வரச் சொன்னார்.

பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது டாஸ்கர் டவுன் காப்டன் சைக்கிளில் வந்து ஒரு காலை ஊன்றி நின்றான்.

"என்னப்பா, மாசக் கடைசி மேட்ச் உண்டுதானே?"

பாயின் மறுமுனையைப் பிடித்திருந்த தியோடர் வானத்தைப் பார்த்தான். எங்கேயும் ஒரு மேகம்கூட இல்லை.

ஆராவமுதன் இரண்டடி நொண்டி நடந்து, பாயின்மேல் உட்கார்ந்து, முட்டியைத் தடவ ஆரம்பித்தான்.