கடவத்துக்குப் பின்னால்

ஓடுகிற ஆளைக் கண்டால் "ஆருக்கு என்ன?" என்று கேட்பது அந்தப் பக்கத்து வழக்கம். சாவுச் செய்தியோ பாம்புக்கடியோ இல்லாமல் வளர்ந்த மனிதன் ரோட்டில் ஓடமாட்டான். ஆவணி மாதம் குமாரதாஸ் சார் விடியற்காலையில் ஓடத் தொடங்கியபோது, முதல் மூன்று நாளும் நெய்யூர் ரோட்டில் நின்று நின்று பதில் சொல்ல வேண்டியிருந்தது. நாலாம் நாள் யாரும் கேட்கவில்லை. விஷயம் பரவிவிட்டது.

"நம்ம வண்டி சாராக்கும். இந்த வருசமும் பந்தயத்துக்குப் போறாராம்."

'வண்டி சார்' என்ற அந்தப் பெயர் போன வருஷம் விழுந்தது. நாகர்கோவிலில் ஒரு விளையாட்டுச் சங்கம் ஐப்பசிதோறும் பன்னிரண்டு மைல் ஓட்டம் நடத்தியது. குளச்சல் கடற்கரையில் தொடங்கி நாகர்கோவில் மைதானத்தில் முடியும். ஓட்டத்தைப் பிழைப்பாகக் கொண்டவர்கள் சேரக்கூடாது என்று அச்சிட்ட விதி இருந்ததால், தபால் பையைச் சுமந்து ஊருக்கு ஊர் ஓடும் அஞ்சலோட்டக்காரர்கள் விலக்கப்பட்டிருந்தார்கள். குமாரதாஸோ மிஷன் பள்ளியில் நாலாம் வகுப்பு வாத்தியார், முப்பத்துநாலு வயது, எந்நேரமும் கையில் புத்தகம், கேட்டால் ஒழியப் பேசாத சுபாவம். அப்படிப்பட்டவர் பெயர் கொடுத்ததே ஊருக்கு வேடிக்கையாக இருந்தது. ஒன்பதாம் மைலில், சுங்கான்கடை ஏற்றத்தில், கால்கள் அவருடையவையாக இல்லாமல் போயின. நடந்தார். பிறகு உட்கார்ந்தார். மரச்சீனிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு வந்த சுயம்பு அவரைத் தூக்கி மாட்டுவண்டியில் போட்டுக்கொண்டான்.

அதோடு விட்டிருந்தால் ஊர் மறந்திருக்கும். சுயம்பு நல்ல மனம் உள்ளவன். எப்படியாவது போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதானே என்று நினைத்து வண்டியை நேராக மைதானத்துக்குள் ஓட்டி, கட்டியிருந்த நாடாவை மாட்டின் கொம்பால் அறுத்துக்கொண்டு போய் நிறுத்தினான். "சாரை நேரத்துக்குக் கொண்டு சேத்தாச்சு!" என்று கைகூப்பினான். கூட்டம் சிரித்த சிரிப்பு குமாரதாஸின் காதில் ஒரு வருஷமாக இருந்தது.

இந்த முறை அவர் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். நிற்கக்கூடாது, நடக்கக்கூடாது. எத்தனையாவதாக வந்தாலும் சரி, பன்னிரண்டு மைலும் ஓடி முடிக்க வேண்டும். மனைவி ராஜபாயிடம் சொன்னபோது அவள் புளியைக் கரைத்துக்கொண்டே சொன்னாள்: "ஓடணும்னா ஓடுங்க. வண்டியில ஏறாண்டாம், அவ்வளவுதான்."

பயிற்சிக்கு அவர் இருட்டோடு குளச்சலுக்கு நடந்துபோய் அங்கிருந்து திரும்பி ஓடிவருவார். அந்த ரோட்டில் அதே நேரத்துக்கு மீன்காரிகள் திங்கள்சந்தைக்குப் போவார்கள். தலையில் சும்மாடு, அதன் மேல் பனையோலைக் கடவம், அதற்குள் ஈரம் சொட்டும் சாளை மீன். வெயில் ஏறுமுன் சந்தை சேராவிட்டால் மீன் போய்விடும். அதனால் அவர்கள் போவது நடையும் இல்லை, ஓட்டமும் இல்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு போக்கு. அவர்களில் எல்லோருக்கும் அரை மைல் முன்னால் தனியாகப் போகிறவள் சிலுவையம்மாள். அவருக்கு ஒப்பான வயதுதான் இருக்கும்.

முதல் வாரம் அவளை முந்திப் பார்த்தார். முந்தலாம், ஒரு மைல் கழித்து மூச்சு வாங்கி நிற்கும்போது அவள் அதே சீரில் கடந்து போவாள். இரண்டாம் வாரம் பின்னாலேயே ஓடினார்.

"சாரே, முன்ன போவணும்னா போவும். பொறத்தால வந்து மூச்சு விடாதயும். மீனு வெந்துபோவும்."

கடவத்தைப் பார்த்துக்கொண்டே ஓடினார். அது ஆடவே இல்லை. இடுப்புக்குக் கீழே எல்லாம் ஓடியது. கழுத்துக்கு மேலே எல்லாம் நின்றது. பாதம் தரையைத் தட்டாமல் தடவிப் போயிற்று. எடுத்துவைக்கும் எட்டு சிறியது, ஆனால் ஏற்றத்திலும் இறக்கத்திலும் ஒரே அளவு. இதற்கு முன் படித்த எந்தப் புத்தகத்தையும் அவர் இவ்வளவு ஊன்றிப் படித்ததில்லை.

ரோட்டில் மூன்று சுமைதாங்கிகள் இருந்தன. தலையுயரத்தில் கிடத்திய கல். வழிப்போக்கர்கள் யார் துணையும் இல்லாமல் பாரத்தைத் தள்ளி வைத்து இளைப்பாறலாம். சிலுவையம்மாள் ஒன்றிலும் நிற்பதில்லை. புரட்டாசியில் ஒருநாள் அவர் வாய்திறந்து கேட்டார்.

"ஒரு தடவகூட இறக்கி வைக்க மாட்டியளா?"

"அம்மாடியோ, சாருக்கு நாக்கு உண்டா!" என்றாள் அவள், கழுத்தைத் திருப்பாமல். "இறக்கி வச்சா பாரம் எம்புட்டுன்னு கழுத்துக்குத் தெரிஞ்சுபோவும். தெரியாத மட்டும் அது சும்மா இருக்கும்."

"கீழ தரையில?"

"தரையில வச்சா பொறவு ஆரு தூக்கிவிடுவா? ஒம்ம பள்ளிக்கூடமா?"

அன்று மேலும் இரண்டு மைல் தூரம் அவள் பின்னாலேயே ஓடினார். ஓட்டத்தைப் பிழைப்பாகக் கொண்டவர்கள் சேரக்கூடாது என்ற வரி அவருக்கு நினைவு வந்தது. அந்த விதியை எழுதியவர் இவளையும் எண்ணித்தான் பயந்திருப்பார் என்று தோன்றியது. சிரிப்பு வந்தது, மூச்சு கெட்டுவிடும் என்று அடக்கிக்கொண்டார்.

பந்தய நாள் சனிக்கிழமை. இரவெல்லாம் பெய்த மழை விடியலில் வெறித்திருந்தது. பத்தொன்பது பேர் கடற்கரையில் நின்றார்கள். பெரும்பாலும் கல்லூரிப் பையன்கள், காலில் கான்வாஸ் ஷூ. கொடி அசைந்ததும் அவிழ்த்துவிட்ட கன்றுகளைப் போலப் பாய்ந்தார்கள். அதே நேரத்துக்குத்தான் சிலுவையம்மாளும் கடவத்தைத் தலையேற்றி ரோட்டுக்கு வந்தாள். குமாரதாஸ் அவளுக்குப் பின்னால் போனார்.

வழியெல்லாம் கேலி. "சாரே, மீனு வாங்கவா போறிய?" "வண்டி கிட்டாம கடவத்தில ஏறப்போறாரு, பாருங்கலே!" நெய்யூரைக் கடக்கையில் அவர்தான் கடைசி. முன்னால் ஓடியவர்கள் கண்ணிலேயே இல்லை. அவர் கடவத்தை மட்டும் பார்த்தார்.

திங்கள்சந்தை முக்கில் அவள் திரும்ப வேண்டும். "இந்தா, நான் வெலகுதேன்," என்றாள். "கடவம் முன்னால போவுதுன்னு நெனச்சுக்கிட்டே போவும்." அவ்வளவுதான். சந்தைச் சத்தத்துக்குள் போய்விட்டாள்.

மீதி ஏழு மைல். இரணியல் தாண்டியதும் முதல் ஷூக்காரனைப் பார்த்தார். இடுப்பில் கைவைத்து நடந்துகொண்டிருந்தான். பிறகு இருவர். ஒரு சுமைதாங்கிக் கல்லில் சாய்ந்து ஒருவன் வாந்தி எடுத்தான். குமாரதாஸ் யாரையும் விரட்டவில்லை. அவருடைய சிறிய எட்டு தானாக அவர்களைக் கடந்தது. ஒவ்வொருவரையும் கடக்கும்போது மனம் துள்ளியது. துள்ளினால் தலை ஆடும், அதனால் துள்ளவிடவில்லை.

சுங்கான்கடை ஏற்றம் வந்தது. போன வருஷம் உட்கார்ந்த அதே வேப்பமரத்தடி. தொடை கல்லாகிவிட்டது. நாலு எட்டு நடந்தால் என்ன, யார் பார்க்கப் போகிறார்கள் என்று உள்ளே ஒரு குரல் மிக நியாயமாகக் கேட்டது. அதோடு சக்கரச் சத்தமும் கேட்டது. சுயம்பு, காலி வண்டியோடு.

"சாரே! ஒமக்காவத்தான் வந்தேன். பாய் விரிச்சிருக்கு. ஏறுதீரா?"

நிஜமான அன்போடுதான் கேட்டான். குமாரதாஸ் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் நின்றுவிடுவோம் என்று தெரிந்தது. நடந்தால் பாரம் எவ்வளவு என்று காலுக்குத் தெரிந்துபோகும். முன்னால் ஆடாமல் ஒரு கடவம் போய்க்கொண்டிருந்தது. அதன் பின்னால் ஏறினார்.

வண்டி பக்கத்திலேயே அரைப் பர்லாங் வந்தது. பிறகு சுயம்பு நுகத்தடி ஓரமாகக் குதித்து இறங்கினான். "நீரு இப்படி ஓட, நான் இருந்துக்கிட்டு வந்தா மரியாதையில்ல," என்று சொல்லி, மாட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவனும் கூடவே ஓடிவந்தான், ஏற்றத்தின் உச்சிவரை.

மைதானத்தில் ஐந்தாவதாக வந்தார். பரிசு மூன்று பேருக்குத்தான். நாடா ஏற்கனவே அறுந்து கிடந்தது. அவர் அதைத் தாண்டி இன்னும் பத்துப் பதினைந்து எட்டு ஓடிவிட்டுத்தான் நின்றார். நிற்பதற்கு மனசே வரவில்லை. கூட்டத்தில் ராஜபாய் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். "ஏறல்லியே?" என்றாள். "இல்ல," என்றார். அவள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

திங்கட்கிழமை விடியலில் கால்வலியோடு அவர் ரோட்டுக்கு வந்து நின்றார். சிலுவையம்மாள் தூரத்தில் வருவது தெரிந்தது.

"எத்தனாவது?"

"அஞ்சு."

"நடந்தீரா?"

"இல்ல."

"ஒரு எட்டுகூட?"

"ஒரு எட்டுகூட நடக்கல்ல."

அவள் நின்றாள். மூன்று மாதத்தில் அவள் நின்று அவர் பார்த்ததில்லை. முழங்காலை மடக்கி, கடவத்தை மெல்ல ரோட்டோரத் தரையில் இறக்கி வைத்தாள். சும்மாட்டை எடுத்து உதறி முகத்தைத் துடைத்தாள். முதன்முதலாக அவர் அவளுடைய முகத்தை நேருக்கு நேர் பார்த்தார்.

"சொல்லும், கேக்கட்டும். சந்தையில எங்கிட்டத்தான் எல்லாவளும் கேப்பாளுவ."

"மீனு?"

"கொஞ்சம் காத்திருக்கட்டு."

"தரையில வச்சிட்டியளே."

"அதுக்கென்ன? தூக்கிவிட ஆளு நிக்கல்லியா?"

அவர் சொன்னார். வாழ்நாளில் அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசியதில்லை. முடிந்ததும் குனிந்து கடவத்தின் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கிவிட்டார். அப்போதுதான் அதன் பாரம் கைக்குத் தெரிந்தது. சாளைத் தண்ணீர் முழங்கை வழியாக வழிந்து சட்டைக்குள் இறங்கியது.

அந்தச் சட்டையோடுதான் பள்ளிக்கூடம் போனார். பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள். குமாரதாஸ் சார் கரும்பலகையில் தேதியை எழுதினார், நெடுநேரம், நிமிர்ந்து, தலை அசையாமல்.