தர்மினி வளர்த்த பிரெஞ்சு

மொன்றியலில் புதிதாக வந்து இறங்குகிறவர்களுக்குப் பிரெஞ்சை வாத்துக்குஞ்சாகத்தான் கொடுப்பார்கள். வீட்டில் வைத்து வளர்க்க வேண்டும். வளர்ந்ததும், வேலை கேட்டுப் போகிற இடத்தில் அது நமக்காகப் பேசும். தர்மினிக்குக் கிடைத்தது சளி பிடித்த குஞ்சு. புட்டும் வாழைப்பழமும் பிசைந்து ஊட்டி, பெற்ற பிள்ளையைப் போல வளர்த்தாள்.

பிள்ளையைப் போல என்றால் எல்லாவற்றிலும்தான். வீட்டுக்கு வருகிற சனம் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்குமா?

"தங்கச்சி, உங்கட பிரெஞ்சு என்ன வடிவாக் கதைக்குது!"

நாவூறு பட்டுவிடுமே என்று தர்மினி பதறிப்போவாள். "சீ, இது ஒண்டுக்கும் உதவாது. தின்ன மட்டும்தான் தெரியும்."

அவர்கள் படியிறங்கியதும், சொன்ன சொல்லுக்கு மனம் கேட்காமல், அதன் வாயில் ஒரு பிடி புட்டை வைப்பாள். வாத்து இரண்டையும் கவனித்துக்கொண்டே வளர்ந்தது.

பேக்கரி ஒன்றில் ஆள் தேவைப்பட்டது. அந்த வேலை கிடைத்தால் கணவன் குகதாசன் இரவு வேலையை விட்டுவிடலாம். பாவம், மகன் தகப்பனை நித்திரையில்தான் கண்டிருக்கிறான். தர்மினி வாத்துக்குச் சீப்பால் தலை இழுத்து, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மெட்ரோ ஏறினாள்.

முதலாளி மதாம் ஜினெத் தர்மினியின் கைகளைப் பார்த்தாள். "நல்ல கைகள். நன்றாக மா குழைப்பீர்கள் போலிருக்கிறதே" என்றாள்.

வாத்துக்குத் தர்மினிமேல் உயிர். அது பதறிப்போய், சுத்தமான பிரெஞ்சில், "சீ, இவள் ஒன்றுக்கும் உதவாதவள். தின்ன மட்டும்தான் தெரியும்" என்றது.

தர்மினிக்கு அந்தக் குரல் தெரியும். வேலை போயிற்று என்று கண் கலங்கினாள். வாத்துக்கு மனம் கேட்கவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் கழுத்தை விட்டு, பாண் துண்டொன்றைப் பிய்த்து அவள் வாயில் வைத்தது.

மதாம் கண்ணாடிப் பெட்டியைச் சாத்தினாள். "இவ்வளவு பாசமாக என்னை யாரும் திட்டியதில்லை. திங்கட்கிழமை வாருங்கள்" என்றாள்.

சந்தோஷத்தில் வாத்து மேசையிலேயே முட்டை இட்டுவிட்டது. வெறுங்கையோடு வந்துவிட்டோமே என்று கூசிக்கொண்டு நின்ற தர்மினிக்கு அது நல்லதாய்ப் போயிற்று. முட்டையை மதாமின் கையில் கொடுத்துவிட்டு வந்தாள்.

திங்கட்கிழமை காலை குகதாசன் முழித்திருந்தான். மகன் அவனை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

பேக்கரியில், அடுப்புச் சூட்டில் முட்டை குஞ்சு பொரித்திருந்தது. மதாமின் தோளில் ஈரம் காயாத குஞ்சொன்று உட்கார்ந்திருந்தது. தர்மினியைக் கண்டதும், "வாங்கோ அக்கா, குளிருக்க நிக்காதேங்கோ" என்றது.

"ஐயோ மதாம், உங்கட தமிழ் என்ன வடிவாக் கதைக்குது!"

மதாம் அவசரமாகக் குஞ்சை ஏப்ரனுக்குள் மறைத்துக்கொண்டு, "சீ" என்றாள்.